மீதி எவ்வளவு? சிங்கப்பூரில் யந்திரமும் சட்டமும் பற்றிய அன்றாட விவாதங்கள்

சிங்கப்பூரைப் பற்றி வெளியூரார் பேசும்போது, அங்கே சட்டம் கடுமையானது, யந்திரம் நுட்பமானது, ஜனங்கள் இரண்டுக்கும் வாய்திறவாமல் கட்டுப்பட்டு நடப்பவர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. முதலிரண்டும் பெரும்பாலும் உண்மை, மூன்றாவது உண்மையல்ல. கோப்பிக்கடை மேசையிலும், தேக்கா ஈரச்சந்தையின் மீன்கடை வரிசையிலும், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் நடத்தும் மக்கள் சந்திப்பிலும், பேருந்துக்காகக் காத்து நிற்கும் மூதாட்டியர் இருவரின் பேச்சிலும், யந்திரத்தையும் சட்டத்தையும் அரசாங்கத்தையும் பற்றிய விவாதம் ஓயாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவ்விவாதம் நீதிமன்றத்தின் படியேறுவது அபூர்வம். கொடிபிடித்துத் தெருவுக்கு வருவது அதனினும் அபூர்வம். ஆயினும் கடந்த சில வருஷங்களில் அரசாங்கம் எடுத்த முடிவுகளில் குறைந்தது மூன்றினை, இந்த ஆரவாரமற்ற பேச்சே திருத்தியோ திருப்பியோ அமைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பரிசீலித்தால் ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படுகிறது. யந்திரம் வேண்டாம் என்று இந்த நகரில் வாதாடுபவர் அநேகமாக எவரும் இல்லை. என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறாய், எதற்காக எடுத்துக்கொள்கிறாய், என் கணக்கில் மீதி எவ்வளவு என்பதை எடுக்கிற இடத்திலேயே எனக்குக் காட்டு என்பதே ஒவ்வொரு விவாதத்தின் உட்கருத்தாகவும் இருந்து வந்திருக்கிறது. இதற்குப் பதில் எவ்வளவு விரைவில் கிடைக்கிறது என்பதோ, கேட்பவனுக்கு வாக்குச்சீட்டு உண்டா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கிறது. இவ்விரண்டையும் உதாரணங்களோடு விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விவாதம் புதியதன்று. லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளுக்கு முன்னே தூண்களுக்கும் சுவருக்கும் நடுவில் ஓடும் நடைபாதையை இங்குள்ள தமிழர் அஞ்சடி என்பர். ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்தில் பிறந்த அந்த ஐந்தடி அகலம், பாதசாரிக்குச் சொந்தமா, கடைக்காரன் சாமான் பரப்புவதற்கா என்ற தகராறு முற்றி, 1888 பிப்ரவரியில் நகராட்சி அதனைக் காலிசெய்ய முற்பட்டபோது கடையடைப்பும் கலகமுமாக வெடித்தது. நகரத்தின் ஒழுங்கு ஒருபுறம், சிறு வியாபாரியின் ஜீவனம் மறுபுறம் என்ற அந்தப் பிணக்கு, 2019 நவம்பரில் மின்ஸ்கூட்டர் வடிவில் மீண்டும் தலைகாட்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் பிடோக் வட்டாரத்தில் மின்ஸ்கூட்டர் மோதி, சைக்கிளில் சென்ற 65 வயது மாது ஒருவர் இறந்தார். நவம்பர் 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அறிவித்து, மறுநாளே நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டுவதை அரசாங்கம் தடைசெய்தது. உணவு விநியோகித்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர், கடன்பட்டு வாங்கிய வண்டியை இனி எங்கே ஓட்டுவது என்று மக்கள் சந்திப்புகளில் திரளாக வந்து முறையிட்டனர்; வேறு வாகனத்துக்கு மாறுவோருக்கென எழுபது லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உதவித்தொகை அதன் பின்னரே வந்தது. உயிரிழப்பைத் தடுக்கவே தடை என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஒரே இரவு அவகாசம் தந்ததுதான் மனக்குறையை உண்டாக்கியது.

சாலைக் கட்டணத்தின் வரலாறு இதற்கு நேர்மாறான பாடம். 1975 ஜூன் மாதத்தில் நகரின் மையப் பகுதிக்குள் காலை வேளையில் நுழையும் கார்கள், மூன்று வெள்ளி கொடுத்து ஒரு தாள் அனுமதிச்சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்டியாக வேண்டும் என்ற முறை தொடங்கியது. 1998இல் அந்தத் தாளின் இடத்தை மின்னியல் சாலைக் கட்டண முறை எடுத்துக்கொண்டது. இரும்பு வளைவின் கீழ்க் கார் போகும்போது உள்ளிருக்கும் சிறு கருவி கீச்சென்று ஒலித்து, இவ்வளவு கழிந்தது, அட்டையில் இவ்வளவு மிச்சம் என்று காட்டும். காசு கொடுப்பதில் எவருக்கும் பிரியம் கிடையாது. கட்டணம் ஏறும்போதெல்லாம் டாக்சி ஓட்டுநர்கள் அலுத்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். எனினும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அம்முறை பெரிய எதிர்ப்பின்றி நிலைத்ததற்கு, எடுக்கும் தருணத்திலேயே எடுத்த தொகையைச் சொல்லிவிடும் அதன் நேர்மையும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். செயற்கைக்கோள் உதவியால் வாகனம் நிற்கும் இடத்தை அறியும் புதிய கருவி வந்தபோது, அதன் மூன்று துண்டுகளையும் காருக்குள் எங்கே பொருத்துவது என்ற எரிச்சலுக்குப் பின்னால், என் வண்டி போகும் வழியெல்லாம் யாருக்குத் தெரியும் என்ற கேள்வியும் சேர்ந்தே எழுந்தது இயல்பே.

இதே பிரச்சினை முழு உருக்கொண்டு வெளிப்பட்டது 2024 ஜனவரியில். அவ்வத்தியாயத்தைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். சிங்கப்பூரில் பேருந்தில் ஏறுபவர் முன்வாசலில் உள்ள கருவியில் ஈஸிலிங்க் அட்டையை ஒற்றுவார். ஒற்றிய கணத்தில், உள்ளங்கையளவு திரையில் அட்டையின் மீதித்தொகை மின்னும். இறங்கும்போது மறுபடி ஒற்றினால் இப்பயணத்துக்கு இத்தனை காசு, மிச்சம் இத்தனை வெள்ளி என்று வரும். பணம் அட்டைக்குள்ளேயே பதிந்திருப்பதால் கருவியால் அதை உடனே வாசித்துச் சொல்ல முடிகிறது. பிறகு வந்த சிம்ப்ளிகோ முறையில் பணம் அட்டையில் இல்லை. எங்கோ ஒரு கணினியிலுள்ள கணக்கில் இருக்கிறது. அட்டை தொலைந்தாலும் பணம் போகாது, கைபேசியிலிருந்தே நிரப்பிக்கொள்ளலாம், வங்கி அட்டையையே பயன்படுத்தலாம் என்ற சௌகரியங்கள் அதில் உண்டு. ஆனால் மீதித்தொகையை மையக் கணினியிடம் கேட்டுத் திரும்பி வந்து காட்ட அவகாசம் போதாது. ஆகவே வாயிலில் அது தெரியாது, கைபேசிச் செயலியைத் திறந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம், ஜூன் முதல் நாளோடு பெரியவர்களுக்கான பழைய முறை ஈஸிலிங்க் அட்டைகளும் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளும் பயணத்துக்குச் செல்லாது, எல்லாரும் சிம்ப்ளிகோவுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது. பெரியவர்களின் பயணங்களில் சுமார் மூன்றில் இரு பங்கு ஏற்கெனவே புதிய முறைக்குப் போயாயிற்று; இரண்டு முறைகளையும் ஏக காலத்தில் நடத்துவது வீண்செலவு என்பது ஆணையத்தின் வாதம். வாதத்தில் பிழையில்லை. ஆனால் எம்ஆர்டி ரயில் நிலையங்களில் அட்டையை மாற்றிக்கொள்ள வரிசைகள் நீண்டன. மாற்றிக்கொண்டவர்கள் வாயிலில் மீதி தெரியவில்லையே என்று குறைகூறினர். என் அட்டையில் இருக்கும் என் காசைப் பார்க்க நான் எதற்குச் செயலி இறக்க வேண்டும் என்று கேட்காத கோப்பிக்கடை இல்லை. பதின்மூன்றாம் நாள், ஜனவரி 22இல், போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் முடிவை மாற்றினார். நான்கு கோடி வெள்ளி கூடுதலாகச் செலவழித்துப் பழைய முறை குறைந்தது 2030 வரை தொடர வழிசெய்யப்பட்டது.

நான்கு கோடி வெள்ளி சிறிய தொகையன்று. ஒரு சிறு திரையில் மின்னும் எண்ணுக்காக இவ்வளவு பொதுப்பணமா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. நன்கு படித்தவர்களும், நாட்டின் நிதிநிலையில் உண்மையான அக்கறை கொண்டவர்களும் அவர்களில் இருந்தனர். ஆனால், மாதச் செலவைப் பத்துக் காசு வரை எண்ணிக் கழிக்கும் குடும்பங்கள் இச்செழிப்பான நகரிலும் ஏராளம் என்பதை அவர்கள் மறந்தனர் என்றே சொல்வேன். காலையில் அலுவலகத் தளங்களைக் கூட்டித் துடைக்கும் மாது, அட்டையில் நாலு வெள்ளிதான் மிச்சம் என்று கண்டால், இன்றைக்கு நிரப்பவா, வெள்ளிக்கிழமை வரை இழுக்கவா என்று பேருந்தின் முதற்படியிலேயே தீர்மானிக்கிறாள். அந்த எண் அவளுடைய குடும்ப வரவுசெலவுத் திட்டத்தின் ஓர் அங்கம். அதை அவள் கண்ணிலிருந்து எடுத்துச் செயலிக்குள் வைப்பது, யந்திரத்தை நடத்துபவருடைய வசதிக்காக அவளுடைய ஆளுகையைக் குறைப்பதாகும். அரசாங்கம் அதை ஒப்புக்கொண்டு பின்வாங்கியதில் மானக்குறைவு எதுவும் இல்லை.

பணத்தின் கணக்கு இவ்வாறாக, ஆளின் கணக்கு பற்றிய விவாதம் இன்னும் ஆழமானது. கொவிட் கிருமித்தொற்றின் தொடக்கத்தில், 2020 மார்ச் 20ஆம் தேதி, டிரேஸ்டுகெதர் செயலி வெளிவந்தது. இரண்டு பேர் அருகருகே நின்றால் அவர்தம் கைபேசிகள் ப்ளூடூத் மூலம் மறைகுறிகளைப் பரிமாறி வைத்துக்கொள்ளும்; 25 நாட்கள் கழிந்தால் அவை அழிந்துவிடும்; ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டால் மட்டுமே அவற்றை அதிகாரிகள் எடுத்துப் பார்ப்பார்கள். கைபேசி இல்லாத மூத்தோருக்குக் கழுத்தில் தொங்கவிடும் சிறு கருவி அளிக்கப்பட்டது. தொற்றுள்ளவருடன் நெருங்கியிருந்தோரைத் தேடுவதற்கன்றி வேறெதற்கும் இத்தரவு பயன்படாது என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் பகிரங்கமாக உறுதி கூறியிருந்தார். அவ்வுறுதியை நம்பி, நாளடைவில் ஜனத்தொகையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர்.

2021 ஜனவரி 4ஆம் தேதி, நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்டஃபர் டி சூசா கேட்ட கேள்வி ஒன்றுக்கு விடையளிக்கையில், உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி குற்றப் புலனாய்வுக்காகக் காவல்துறை எந்தத் தரவையும் கேட்டுப் பெறலாம், டிரேஸ்டுகெதரும் அதற்கு விலக்கல்ல என்றார். சட்டப்படி அது சரியே. ஆனால் நகரெங்கும் ஜனங்களின் முகம் மாறிற்று. அன்று எழுந்த விவாதத்தில் இரு பக்கமும் நியாயம் உண்டு என்பதை நடுநிலையோடு கூற வேண்டும். கொலைகாரனைப் பிடிக்க உதவும் தடயம் கையிலிருக்கையில் அதைத் தொடாமல் இருப்பதா என்று ஒரு சாரார் கேட்டனர். ஒரு குழந்தை காணாமற்போன வீட்டாரிடம் போய் அந்தரங்கத்தைப் பற்றிப் பேச எவருக்கு மனம் வரும்? மற்றொரு சாரார், குற்றவாளிகளுக்குப் பரிந்து பேசவில்லை. இதற்கு மட்டுமே என்று சொல்லி வாங்கியதை அதற்கு மட்டுமே வைத்துக்கொள் என்றார்கள். நோயைத் தடுப்பதற்கான கருவி என்று நம்பிக் கழுத்தில் அணிந்துகொண்டவர், மற்றொரு நாள் அது வேறொன்றுக்கும் ஆகும் என்று கேள்விப்பட்டால், அடுத்த பெருநோயின்போது அரசாங்கத்தின் சொல்லை எதைக்கொண்டு அளப்பார்?

அமைச்சர் பாலகிருஷ்ணன், உறுதி கூறியபோது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் தாம் நினைக்கவில்லை என்றும், தவறுக்குத் தாமே பொறுப்பு என்றும் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 2ஆம் தேதி அவசரமாக ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியது. பயங்கரவாதம், கொலை, ஆட்கடத்தல், மரணதண்டனைக்குரிய போதைப்பொருள் கடத்தல், ஆயுதக் குற்றம், கடுமையான பாலியல் குற்றம், சட்டக் காவலிலிருந்து தப்பியோடல் என ஏழு வகைக் குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே அத்தரவைக் கேட்கலாம். மீறிப் பயன்படுத்தும் அதிகாரிக்கு இரண்டாண்டு வரை சிறை, இருபதாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 பிப்ரவரியில் அந்த ஏற்பாடே முடிவுக்கு வந்து, 2020 மே மாதத்துக் கொலை வழக்கு ஒன்றைச் சேர்ந்த தரவு நீங்கலாக ஏனையவை அழிக்கப்பட்டன. இந்த ஏழு வகைப் பட்டியலைச் சிங்கப்பூரின் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல் என்றே மதிக்கிறேன். அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதை, தெருவில் நின்று பேசிய சாமானியரின் மனத்தாங்கல் சட்டத்தின் வாசகமாக எழுதவைத்தது.

இந்தியாவில் இதே கேள்வி வேறு பாதையில் சென்றது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி ஆதார் அட்டையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற ஆயம் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு செப்டம்பரில் வந்த தீர்ப்பு, ஆதாரை ஏற்றுக்கொண்டே, தனியார் நிறுவனங்கள் அதனைக் கேட்பதற்கு வழிவைத்த ஏற்பாட்டை நீக்கியது. அங்கே ஒரு முதிய நீதிமான் நீதிமன்றத்தை நாடினார். சிங்கப்பூர் அரசியல் சாசனத்தில் அத்தகைய உரிமை எழுதப்படவில்லையாதலால், இங்கே கோப்பிக்கடையும் நாடாளுமன்றமுமே அந்த வேலையைச் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. நீதிமன்ற வழி மெதுவானது, ஆனால் யாவருக்கும் பொது. நாடாளுமன்ற வழி விரைவானது, ஆனால் பிரதிநிதி உள்ளவர்க்கே எளிது. பின்னே வரப்போகும் விஷயத்துக்கு இந்த வித்தியாசம் முக்கியமானது.

அடையாள எண் விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. 2019 செப்டம்பர் முதல், கடைத்தொகுதிகளும் கிளப்புகளும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கெல்லாம் அடையாள அட்டை எண்ணைக் கேட்கலாகாது என்றாயிற்று. எண்ணை மறைத்து எழுதும் பழக்கம் ஜனங்களிடையே வேரூன்றியது. அது ரகசியம் என்றே வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் கடவுச்சொல்லைப்போல் அதனைப் பயன்படுத்தின. 2024 டிசம்பர் 9ஆம் தேதி திறக்கப்பட்ட, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அக்ரா ஆணையத்தின் புதிய தேடுதளத்திலோ, பெயரைத் தட்டினால் முழு எண்ணும் எவருக்கும் இலவசமாகக் கிடைத்தது. ஐந்தே நாட்களில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான தேடல்கள். அந்த வசதி நிறுத்தப்பட்டது. அமைச்சர்கள் மன்னிப்புக் கோரினர். எண் என்பது பெயரைப்போல ஓர் அடையாளமே, அதை ரகசியமாகக் கருதியதே பிழை என்று விளக்கமும் வந்தது. விளக்கம் அறிவுக்குப் பொருந்துவதே. ஆனால் ஐந்து வருஷமாக மறை, மறை என்று சொல்லிக்கொடுத்தது யார் என்று தேக்கா கடைக்காரர் ஒருவர் கேட்டால், அவருக்கு மறுமொழி சொல்வது கடினம். அரசாங்க அமைப்புகள் அந்தத் தரவுச் சட்டத்துக்கு வெளியே, வேறு சட்டத்தின்கீழ் இயங்குகின்றன என்பதும் அப்போதுதான் பலருக்கு முதன்முதலாகத் தெரியவந்தது.

மோசடியைப் பற்றிய விவாதம் குடும்பத்துக்குள்ளேயே நடப்பது. 2024இல் மட்டும் மோசடிகளால் இழந்த தொகை நூற்றுப்பத்துக் கோடி வெள்ளியைத் தாண்டிற்று. ஏமாற்றப்படுகிறோம் என்று நம்ப மறுத்து, மகன் தடுத்தும் கேளாமல், யாரோ முகமறியாதவருக்குச் சேமிப்பை அனுப்பும் முதியவரின் வங்கிக் கணக்கை முப்பது நாள் நிறுத்திவைக்கக் காவல்துறைக்கு அதிகாரமளிக்கும் சட்டம் 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. என் பணத்தை நான் அனுப்ப உனக்கென்ன என்பது தந்தையின் வாதம். அப்பா, இது நாற்பது வருஷ உழைப்பு என்பது மகனின் வாதம். இங்கே அரசாங்கத்தின் தலையீட்டை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆணை எத்தனை நாள், எதற்காக, எப்போது தளரும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதே அதற்குக் காரணம்.

இதுகாறும் பேசியவை குடிமக்களின் விவாதங்கள். லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமையோ வேறொரு ஜனக்கூட்டத்தைச் சேர்ந்தது. அன்று பிற்பகல் பஃபலோ சாலையிலும் கேம்பல் சந்திலும் நடந்து பார்த்தால், புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர்ப் பேச்சு காதில் விழும், பக்கத்திலேயே வங்காளம். பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் கைபேசியை உயர்த்திப் பிடித்து ஊரிலுள்ள மனைவியிடம் அன்றைய மாற்று விகிதத்தைப் படித்துச் சொல்லும் இளைஞர்கள். கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் ஆறு நாள் உழைத்துவிட்டு, டார்ம் எனப்படும் தங்குவிடுதியிலிருந்து வந்தவர்கள். வேலை அனுமதிச்சீட்டில் இருக்கும் அவர்களுக்கு மக்கள் சந்திப்பில் வரிசை இல்லை. தொகுதி உறுப்பினர் என்று எவரும் இல்லை.

2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு, ரேஸ்கோர்ஸ் சாலை ஹாம்ப்ஷியர் சாலைச் சந்திப்பில், டார்முக்குத் திரும்பும் தனியார் பேருந்தில் அடிபட்டுத் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் மாண்டதும், அதையொட்டி நாற்பதாண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூர் கண்டிராத கலவரம் மூண்டதும் யாவரும் அறிந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த ஆண்டு ஜூனில் அறிக்கை தந்தது. விபத்தைப் பற்றிய தவறான எண்ணமும் மதுவும் கலவரத்தின் காரணங்களில் முக்கியமானவை எனக் குழு கண்டது. 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்து, லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு மண்டலங்களாயின. கண்காணிப்புக் கேமராக்களும் பெருகின. நகரெங்கும் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட காவல்துறைக் கேமராக்கள் பொருத்தப்பட்டிருப்பதாக 2021இல் கூறப்பட்டது. இவற்றைப் பற்றி வட்டாரத்துக் கடைக்காரர்களிடையே இருவிதக் கருத்து உண்டு: இரவில் அச்சமின்றிக் கடையடைக்க முடிகிறது என்பவரும் உண்மை சொல்கிறார், ஞாயிறு வியாபாரம் மெலிந்தது என்பவரும் உண்மை சொல்கிறார்.

2020ஆம் ஆண்டு வந்தது. தங்குவிடுதிகளில் வசித்த மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் 47 சதவிகிதத்தினருக்கு அவ்வாண்டு டிசம்பருக்குள் கொவிட் தொற்றியிருந்தது. ஏப்ரலில் விடுதிகள் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டன; தொழிலாளர் பிறகு படிப்படியாக வேலைக்கு மட்டும் வெளியே விடப்பட்டனர். விடியற்காலையில் லாரி ஏறுமுன் தொழிலாளி தன் கைபேசியில் பார்க்க வேண்டியது ஒரு நிறத்தை: பச்சையானால் வேலைக்குப் போகலாம், சிவப்பானால் படுக்கைக்குத் திரும்ப வேண்டும். நேற்றுப் பச்சை, இன்று ஏன் சிவப்பு என்பதற்குத் திரையில் விடை இராது. முதலாளிகளே விளங்காமல் மனிதவள அமைச்சைத் தொடர்புகொண்டு திண்டாடினர். நோய் மேலும் பரவாமல் காப்பதற்கும், உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்ததற்கும் அந்தக் கண்டிப்பும், கூடவே செய்யப்பட்ட மருத்துவ ஏற்பாடும் உதவின என்பதை மறுப்பது அநியாயம். ஆனால் நகரத்தார் கடைத்தொகுதிகளில் உலவத் தொடங்கிய பின்னும் நெடுங்காலம் அவர்கள் உலவ முடியவில்லை. 2021 செப்டம்பரில், வாரத்துக்கு 500 பேர் என்ற கணக்கில், தடுப்பூசி போட்டவர்களைச் சில மணி நேரம் லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துவரும் முன்னோடித் திட்டம் தொடங்கிற்று. 2022 ஜூனில் வெளியே செல்ல அனுமதி கேட்கும் முறை நீக்கப்பட்டாலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குப் போவதற்கு மட்டும் தனி அனுமதி பெற வேண்டும், நாளொன்றுக்கு எண்பதாயிரம் பேர் வரை என்று வகுக்கப்பட்டது.

கூட்ட நெரிசலைத் தவிர்ப்பதற்கு என்பது சொல்லப்பட்ட காரணம். அதே ஞாயிறன்று அதே பஃபலோ சாலைக்கு வரும் அடுக்குமாடிவாசி எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. நெரிசல் இருவராலும்தான் உண்டாகிறது. ஈஸிலிங்க் விஷயத்தில் பதின்மூன்று நாளிலும், டிரேஸ்டுகெதர் விஷயத்தில் ஒரு மாதத்திலும் காதுகொடுத்த அதே அரசாங்க யந்திரம், இங்கே ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டது. அதிகாரிகளின் மனம் கல் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுள் இரவுபகலாக விடுதிகளில் பாடுபட்டோரை நாடறியும். காது இருந்தது; அக்காதுக்கு அக்குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிதான் இல்லை. கஃப் சாலைப் பகுதியில் 2008 முதல் தொழிலாளருக்கு உணவளித்து, அவர்தம் வழக்குகளைக் கேட்டு எழுதிவரும் டிடபிள்யூசி2 போன்ற தொண்டு அமைப்புகளே அந்த இடைவெளியை இயன்றவரை நிரப்பின.

யந்திரமும் சட்டமும் இத்தொழிலாளிக்கு எப்போதும் எதிரிகள் என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. 2016 ஏப்ரல் முதல், அடிப்படைச் சம்பளம், மிகைநேரம், பிடித்தம் இவற்றைத் தனித்தனியே காட்டும் சம்பளச் சீட்டினை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. 2020 ஜூலை முதல், விடுதிகளில் வசிப்போருக்குச் சம்பளத்தை ரொக்கமாகத் தராமல் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்றும் ஆயிற்று. புறப்படுமுன் ஊரிலேயே கைக்கு வரும் முன் அனுமதிக் கடிதத்தில், பேசிய சம்பளம் அவன் தாய்மொழியிலும் அச்சிடப்பட்டிருக்கும். கடிதத்தில் எழுதிய தொகை, சீட்டில் எழுதிய தொகை, வங்கியில் ஏறிய தொகை என்ற மூன்றும் இன்று அவன் கைபேசிக்குள் படங்களாக அடுத்தடுத்து இருக்கின்றன. முன்னெல்லாம் சம்பளத் தகராறில் அவன் சொல்லுக்கு எதிராக முதலாளியின் சொல் நிற்கும். தமிழ்ப் பையனுடைய தடுமாறும் ஆங்கிலம் எங்கே எடுபடும்? இப்போது அந்த மூன்று படங்களை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாலே சமரச அதிகாரிக்கு வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டை எதிர்த்து எந்தத் தொழிலாளியும் குறைகூறி நான் கேட்டதில்லை. பேருந்தில் மீதி காட்டிய சிறு திரையை, தளம் துடைக்கும் அந்த மாது எவ்வாறு தன்னுடையது என்று கொண்டாளோ, அவ்வாறே அந்தச் சம்பளச் சீட்டை இவன் தன்னுடையது என்று கொள்கிறான்.

ஆகையால், தொழிலாளரின் நடமாட்டத்தைப் பற்றி எந்த அனுமதி முறை எப்போது வகுக்கப்பட்டாலும், அதனைச் சம்பளச் சீட்டின் மாதிரியில் அமைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. டிரேஸ்டுகெதர் தரவுக்கு ஏழு வகைகளை எண்ணி எழுதிய அதே நாடாளுமன்றம், எந்த இடத்துக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதையும் விவாதித்துச் சட்டத்தில் எழுதலாம். கைபேசியில் அனுமதியோ மறுப்போ வரும்போது, அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் வந்தது, எந்தத் தேதியில் மறுபரிசீலனைக்கு வரும், மறுக்கப்பட்டவன் யாரிடம் முறையிடலாம் என்ற மூன்று வரிகளை அதே திரையில் தமிழிலும் வங்காளத்திலும் சேர்ப்பதற்குப் புதிய யந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.